தகரக் கூரை

அட்டன் நகரசபை மண்டபத்தில்
காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய வழக்கு
பிளேன்டீ இரண்டு சுற்று வந்தும் முடியவில்லை.
அடைக்கலம் எழுதினாரா,
அடைக்கலத்தின் பெயரில் வேறு யாராவதா?

பதினொரு நாடகங்கள்.
அட்டையில் பெயருள்ளவர்
நான்காம் வகுப்போடு நின்று
கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்.
கோர்ட்டில் யார் எழும்பி நிற்பார், யார் இருப்பார்,
இவருக்கு எப்படித் தெரியும் என்றார்
கண்டியிலிருந்து வந்தவர்.
உயில் எழுதும் பாஷை எப்படி வந்தது?
ஆகவே நொத்தாரிஸ் கனகரத்தினம்.
இல்லை, பெரிய கிளாக்கர் தேவசகாயம், என்றார் இன்னொருவர்,
துரைக்குப் பயந்து பெயரை மறைத்தார்.
மூன்றாமவர் அது ஒரு குழு என்றார்.
குழுவென்றால் முதலில் தலைவர் தெரிவு நடந்திருக்குமே என்று
பின்வரிசையில் யாரோ சொல்ல
மண்டபம் சிரித்தது.

அடைக்கலத்தின் மகனும் வந்திருந்தார்.
'அப்பா வீட்டில் எழுதி நான் பார்க்கவில்லை.
லயத்தில் லைட் இல்லை.'
இரண்டு கட்சியும் அதைக் குறித்துக்கொண்டது.

கடைசியில் அந்த வரிக்கு வந்தார்கள்.
எப்போதும் அங்கேதான் வருவார்கள்.
வாசிகசாலைச் சுவரில் இருக்கிறது,
சங்கத்தின் கலண்டரில் இருக்கிறது:
'எங்கள் கடலுக்குக் கரையில்லை.'

கினிகத்தேனைக்குக் கீழே இறங்காத மனிதர்
கடலை எங்கே கண்டார்?
நீர்த்தேக்கம் கண்டாரே,
பழைய மஸ்கெலியாவை விழுங்கிய தண்ணீர் போதாதா?
போதாது.
போதும்.
போதாது.

நான் ஏழாவது வரிசையில்,
குடையை மடியில் வைத்துக்கொண்டு.
யாரும் அழைக்கவில்லை, நோட்டீஸ் பார்த்து வந்தேன்.

எழுபத்தாறு, ஆடி மாதம்.
கொழுந்து மடுவந்தான் மேடை.
படங்குக்குப் பின்னால் லாந்தரும் கொப்பியுமாக நான்,
வசனம் எடுத்துக் கொடுக்க.
மூன்றாம் காட்சியில்
சூசைக்கு எல்லாம் மறந்துபோயிற்று.
கண் மட்டும் என் பக்கம் உருண்டது.
கொப்பியில் இருந்ததை வாசித்தேன்:
எங்கள் கடனுக்குக் கரையில்லை.

கடன்.
துண்டு விழுந்த சம்பளம்,
கடைக்காரனின் பற்றுக் கொப்பி,
மாமனாரின் சவப்பெட்டிக்கு வாங்கிய காசு.
நாடகம் முழுக்க அதுதானே.
ஆனால் மேலே தகரம்.
தகரத்தில் மழை.
சூசை இரண்டு கையையும் அகல விரித்து
கடல் என்றான்.

சாக்கில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.
யாரோ ஒருத்தி 'ஐயோ' என்றாள், மெதுவாக.

கம்பளியைத் தலையில் போட்டு
தராசுக்குப் பக்கத்தில் நின்றார் அடைக்கலம்.
விடிந்ததும் வந்து கொப்பியைக் கேட்டார்.
அந்த எழுத்தின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு
கொழுந்து லொறி போகும்வரை பேசாமல் இருந்தார்.
பிறகு னு-வை அடித்து
லு போட்டார்.

அதை எழுதியது என்று சொல்லலாமா, தெரியவில்லை.
சூசை செத்துப்போனான்.
மழையைச் சாட்சிக்கு அழைக்க வழியில்லை.

இன்னொன்றும் உண்டு.
கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் அந்தக் கொப்பிகள்
பதினொன்றும் என் கையெழுத்து.
சில அவர் சொல்லச் சொல்ல எழுதியவை,
சில அவர் மடித்துக் கொடுத்த தாள்களைப் பார்த்து.
தாளில் இருந்தது யாருடைய கை என்று
நான் கேட்கவில்லை.
மூன்று நிறத்தில் மை இருந்தது.
சில இடங்களில் தாள் நனைந்து எழுத்து கலைந்திருந்தது.
அங்கேயெல்லாம்,
வெள்ளைவிட மனமில்லாமல்,
ஏதோ எழுதினேன்.

கையைத் தூக்கினேன்.
'கேள்வி என்றால் சுருக்கமாக அம்மா,
சாப்பாட்டு நேரம்' என்றார் தலைவர்.
சுருக்கமாகத்தான் சொன்னேன்.
செயலாளர் தலையாட்டியபடி எழுதிக்கொண்டார்.
போகும்போது எட்டிப் பார்த்தேன்.
கடனா, கடலா,
அவருடைய எழுத்து எனக்கு விளங்கவில்லை.

வெளியே தூறல்.
ஒன்றரை மஸ்கெலியா பஸ்
ஸ்டார்ட் ஆகி நின்றது.